பட்டறைப் பதில்கள்: மொதல்ல தகரத்தைப் பாருங்க, இன்ஜினு எங்கயும் ஓடிப் போயிராது

போன இதழ்ல அமெரிக்க மஸில் காரைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதிட்டேன். அம்புட்டுதான், தபாலும் வாட்ஸ்அப்பும் வந்து குமிஞ்சிட்டு. திருநெல்வேலி ஜில்லாவுல இத்தனை பேருக்கு இந்தக் கிறுக்கு இருக்குன்னு நான் நெனைக்கவே இல்ல. ஒண்ணு போல கேட்ட கேள்விகளை ஒண்ணாச் சேத்துட்டேன், உங்க கேள்வியக் காணலைன்னா கோவிச்சுக்கிடாதீங்க.

கேள்வி: அண்ணாச்சி, மஸ்டாங், கேமரோ, சார்ஜர் எல்லாத்தையும் நாங்க மஸில் கார்னுதான் சொல்லுதோம். எங்க ஹாஸ்டல்ல ஒருத்தன் மஸ்டாங் மஸில் காரே கிடையாதுன்னு சண்டைக்கு வாரான். யாரு சொல்றது சரி? (கல்லூரி மாணவர், பேட்டை)

பதில்: தம்பி, அந்தப் பயலுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்துருங்க, கறாராப் பாத்தா அவன் சொல்றதுதான் சரி. மஸில் கார்னா நடுத்தர சைஸ் குடும்பக் காருக்குள்ள பெரிய காரோட வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினைத் தூக்கிப் போட்டு, வெலையையும் ஏத்தாம விக்கிறது. அதை ஆரம்பிச்சு வச்சது 1964-ல வந்த பாண்டியாக் ஜிடிஓ தான்னு முக்காவாசிப் பேரு ஒத்துக்கிடுவாங்க. அதுல ஒரு தில்லாலங்கடி வேலை இருக்கு பாத்துக்கிடுங்க. பாண்டியாக்கோட தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் தலைமை ஆபீஸ்ல நடுத்தர சைஸ் காருக்கு 330 கன இஞ்சுக்கு மேல இன்ஜின் வைக்கக் கூடாதுன்னு ஒரு கட்டளை, அதாவது 5.4 லிட்டர். பாண்டியாக்ல சீஃப் இன்ஜினியரா இருந்த ஜான் டிலோரியனும் அவரு கூட்டாளிகளும் என்ன செஞ்சாங்கன்னா, புதுசா ஒரு காருன்னு சொன்னாத்தானே ஆபீஸ்ல அனுமதி கேக்கணும், நாம டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு ஒரு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங்னு சொல்லிப் போடுவோம்னு, ஏறக்கொறைய 295 டாலர் கூடக் குடுத்தா 389 கன இஞ்சு, அதாவது 6.4 லிட்டர் இன்ஜின் வச்சுத் தாரோம்னு லிஸ்ட்ல சேத்துட்டாங்க. மேலிடத்துக்கு விசயம் தெரியுறதுக்குள்ள டீலருங்க ஆர்டர் எடுத்துட்டாங்க. 5,000 வண்டி போனாப் போதும்னு நெனைச்சது, மொத வருசமே 32,450 போயிட்டு. அதுக்கப்புறம் எந்த மேனேஜர் வாயத் தொறப்பாரு?

ஃபோர்டோட மஸ்டாங் வேற கதை. அது அதே 1964 ஏப்ரல்ல ஃபால்கன்ங்கிற சின்னக் காரோட அடிப்பாகத்துல செஞ்சது, ஆறு சிலிண்டரோட 2,368 டாலருக்கு வந்த ஸ்டைல் வண்டி. அந்த ஜாதிக்கு போனி கார்னு பேரு, கேமரோவும் அதுல சேத்திதான். ஆனா 1968-ல 428 கன இஞ்சு கோப்ரா ஜெட் இன்ஜின் போட்டு வந்த மஸ்டாங்கைக் கொண்டாந்து நிப்பாட்டி இது மஸில் இல்லன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம், உங்க ஃப்ரெண்டு ஒரு நிமிசம் யோசிப்பான். சார்ஜர் பத்தி சண்டையே வேண்டாம், அது மஸில்தான்.

இந்த ஆட்டம் மொத்தமே பத்து வருசம்தான் தம்பி. வாலிபப் பசங்களுக்கு இன்சூரன்ஸ் பிரீமியம் எக்கச்சக்கமா ஏறிட்டு, 1970-ல புகைச் சட்டம் வந்துட்டு, 1973-ல அரபு நாடுகள் எண்ணெயை நிப்பாட்டிட்டாங்க. நடுவுல 1972-ல எச்.பி., அதாவது குதிரைசக்தி, அளக்குற முறையையே மாத்திட்டாங்க, முந்தி இன்ஜினை மட்டும் தனியா மேடையில வச்சு அளந்தது, பெறவு ஏர்ஃபில்டர், சைலன்சர், டைனமோ எல்லாம் மாட்டி அளந்தது. அதனால அதே இன்ஜினு பேப்பர்ல மட்டும் எளைச்சுப் போச்சு. நம்பர் கொறஞ்சிருக்கேன்னு 72 மாடலை எளக்காரமாப் பேசுறவன் இருக்கான், அவன்கிட்ட இதைச் சொல்லுங்க.

கேள்வி: எங்க பாட்டையா காலத்துல எங்க தெருவுல பிளைமவுத் ஒண்ணு நிக்கும், நாங்க சின்னப் பிள்ளையில அது பொறத்தாலயே ஓடுவோம். அதுவும் மஸில் காரா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: இல்ல சார்வாள், அது அதுக்கு முந்தின தலைமுறை. 1947-லேருந்து பம்பாய் குர்லாவுல பிரீமியர் கம்பெனி டாட்ஜ், பிளைமவுத், டிசோட்டோ எல்லாம் பூட்டி வித்தாங்க, ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லேருந்தே அதே பம்பாயில செவர்லே பூட்டிக்கிட்டு இருந்தாங்க. நீங்க பாத்தது அந்த வரிசையில வந்த ஆறு சிலிண்டர் வண்டியா இருக்கும், மெத்து மெத்துன்னு போகும், வேகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது. 1953-ல டாரிஃப் கமிஷன், இங்கயே உதிரி பாகம் செய்யாம சும்மா பூட்டி விக்கிற கம்பெனி வேண்டாம்னு சொல்லிட்டு, ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல மூட்டையக் கட்டிட்டாங்க, ஃபோர்டும் போயிட்டாங்க. இறக்குமதிக் கதவும் சாத்தியாச்சு. அதான் அங்க ஜிடிஓ ஓடுன காலத்துல இங்க அம்பாசடரும் ஃபியட்டும் ஹெரால்டும் மட்டும் ஓடிச்சு. அந்தத் தெருக்கார் ஃபோட்டோ ஏதும் வீட்ல கிடந்தா ஒரு காப்பி அனுப்புங்க, முன்பக்க கிரில்லை வச்சு வருசம் சொல்லிரலாம்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவுல டெக்ஸாஸ்ல இருக்கான். 1968 கேமரோ எஸ்எஸ் ஒண்ணு வெலைக்கு வருதாம், வாங்கி ரிப்பேர் பாத்து ஊருக்கு அனுப்புதேன்னு சொல்லுதான். கொண்டார முடியுமா, இல்ல சும்மா அளக்குறானா? (வியாபாரி, மேலப்பாளையம்)

பதில்: பாய், சட்டப்படி வழி இருக்கு. முந்தி 1950-க்கு முன்னால செஞ்ச வண்டியத்தான் விண்டேஜ் கணக்குல உள்ள விட்டுக்கிட்டு இருந்தாங்க, 2025-ல அதை மாத்தி 50 வருசம் தாண்டுனாப் போதும்னு ஆக்கிட்டாங்க, 68 மாடல் அதுக்குள்ள வந்துரும். ஆனா டூட்டியும் ஜிஎஸ்டியும் சேந்து காரோட வெலையத் தாண்டும், அதுக்கு மேல கப்பல் கூலி. தூத்துக்குடி ஹார்பர் பக்கத்துலதானே இருக்குன்னு நெனைச்சு மகனுக்கு தலையாட்டிராதீங்க, எந்த ஹார்பர்ல எறக்க விடுவாங்கன்னு க்ளியரிங் ஏஜென்ட்டுட்ட எழுத்துல வாங்கிட்டு மத்ததைப் பேசுங்க.

அடுத்தது நம்பர் பிளேட். 2021-ல விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி போட்டுருக்காங்க, 50 வருசம் தாண்டின வண்டிக்கு விஏன்னு வார தனி வரிசை நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூவா, பத்து வருசத்துக்குச் செல்லும், புதுப்பிக்க 5,000. அந்த நம்பர் போட்டா தெனமும் ஓட்டக் கூடாது பாய். கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் அடிக்க, பராமரிப்புக்கு, இந்த மாதிரி சோலிக்கு மட்டும்தான் ரோட்டுல எறக்கலாம். பள்ளிவாசலுக்கும் கடைக்கும் கேமரோவுல போயி எறங்குறதுன்னு நெனைச்சா அது நடக்காது.

இப்ப வண்டிக்கு வாரேன். எஸ்எஸ்னு சொன்னீங்கல்லா, அதாவது சூப்பர் ஸ்போர்ட்ங்கிற வெலை கூடின ரகம், மகன்கிட்ட சேஸ் நம்பரைக் கேளுங்க. 124-னு ஆரம்பிச்சா கம்பெனியில வி8 போட்டு வந்த வண்டி, 123-னு ஆரம்பிச்சா ஆறு சிலிண்டர். அம்புட்டுதான் அந்த நம்பர் சொல்லும், எஸ்எஸ்ஸா இல்லையான்னு 68 மாடல்ல அது சொல்லாது. பேட்ஜ் எவன் வேணாலும் வாங்கி ஒட்டலாம், ஆன்லைன்ல கிடைக்குது. அதனால 123 நம்பர் வண்டியில எஸ்எஸ் பேட்ஜ் இருந்தா அன்னைக்கே போனை வச்சிரலாம், 124-ன்னா அந்தக் காலத்து பில்லு, வண்டியில என்னென்ன போட்டாங்கன்னு ஃபேக்டரியில எழுதுன பில்ட் ஷீட், வாரண்டி தகடு இதுல ஏதாவது இருந்தாத்தான் எஸ்எஸ் வெலை, இல்லன்னா சாதா வி8 கேமரோ வெலை. இன்ஜின் அதே வண்டியோட இன்ஜினான்னு பாக்க, சின்ன பிளாக் வி8-ன்னா (பிளாக்னா இன்ஜினோட உடம்பு) வலதுபக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால பிளாக்குல ஒரு தட்டையான எடம் இருக்கும், அழுக்கைத் தொடைச்சா சேஸ் நம்பரோட கடைசிப் பாதி அங்க அடிச்சிருக்கும். ரெண்டும் ஒத்துப் போவணும். அந்த எடம் புதுசாத் தேச்ச மாதிரி பளபளன்னு இருந்தா இன்னும் உஷாரா இருங்க.

பெறவு துரு. டெக்ஸாஸ்னா நல்லதுதான், ஒஹாயோ மிச்சிகன் பக்கம் மாதிரி பனி உருக ரோட்டுல உப்பு கொட்டுற ஊரு இல்ல. ஆனா ஹூஸ்டன் ஏரியாவா, உள்நாடான்னு கேளுங்க, அந்தக் கரைப் பக்கம் 2017-ல வந்த வெள்ளத்துல முங்கி எந்திரிச்ச வண்டி எக்கச்சக்கம். மகன் கையில ஒரு சின்ன காந்தத்தை மெல்லிசுத் துணியில சுத்திக் குடுங்க, பின் சக்கர வளைவுக்கு மேல, கதவுக்கு கீழ, பின்கண்ணாடி ஓரத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, ஒட்டாம வழுக்கிட்டு விழுந்தா அங்க இருக்கது தகரம் இல்ல, ஓட்டையை மறைக்கப் பூசுன பட்டி. அப்புறம் முன்கண்ணாடிக்கு கீழ சல்லடை மாதிரி காத்துத் துவாரம் இருக்கும், அதுல ஒரு வாளித் தண்ணிய பைய ஊத்திட்டு உள்ள மேட்டைத் தூக்கிப் பாக்கணும், கால் வைக்கிற எடத்துல ஈரம் வந்தா உள்ளுக்குள்ள ஓட்டை. அதை அடைக்கணும்னா முன்பக்கத்துல பாதியப் பிரிக்கணும். விக்கிறவன் மூஞ்சியச் சுளிச்சா சுளிக்கட்டும்.

என் அபிப்பிராயத்தை கேட்டா, வண்டி அங்கயே மகன் வீட்டுல நிக்கட்டும் பாய். கேமரோவுக்கும் மஸ்டாங்குக்கும் அங்க தகரத்துலேருந்து ஸ்க்ரூ வரைக்கும் புதுசாச் செஞ்சு விக்கிறான், முழு பாடியே வாங்கலாம். இங்க கொண்டாந்து ஒரு கதவு ரப்பருக்கு மூணு மாசம் காத்துக் கெடக்கணும். டூட்டி கட்டுற காசுல நீங்க அங்க போயி வருசா வருசம் பேரப் பிள்ளைகளோட அதுல சுத்திட்டு வரலாம்.

கேள்வி: எங்க வீட்டுக்காரரு ஒரு பழைய காரை வாங்கி மாட்டுத் தொழுவத்துல கொண்டாந்து நிப்பாட்டி அக்கு அக்காப் பிரிச்சுப் போட்டிருக்காரு. மாடு வெளிய நிக்கி. இது முடியுமா முடியாதா? (இல்லத்தரசி, களக்காடு)

பதில்: பிரிச்ச ஒவ்வொரு சாமானையும் கவர்ல போட்டு எது எங்க இருந்துச்சுன்னு எழுதி ஒட்டியிருக்காரான்னு மட்டும் போயிப் பாருங்கம்மா. ஒட்டியிருந்தா முடியும், பொறுத்துக்கிடுங்க. எல்லா போல்ட்டையும் ஒரே பெயிண்ட் டப்பாவுல போட்டிருந்தாருன்னா மாட்டுக்கு வேற கொட்டாய் போடச் சொல்லிருங்க.

கேள்வி: மஸில் காருக்கெல்லாம் நமக்கு வசதி இல்ல. கான்டெஸாவை இந்தியன் மஸில் கார்னு சொல்லுதாங்களே, ஒண்ணு வாங்கி வி8 இன்ஜின் ஏத்தலாம்னு ஐடியா. உங்க கருத்து? (வாசகர், வண்ணார்பேட்டை)

பதில்: வாங்கலாம்ங்கிறதுக்கு ஆமா, வி8-க்கு வேண்டாம். கான்டெஸா அமெரிக்கா வண்டியே கிடையாது, இங்கிலாந்துல வாக்ஸ்ஹால்னு ஒரு கம்பெனி 70-கள்ல வித்த வண்டியோட தகரம் அடிக்கிற அச்சை வாங்கிட்டு வந்து ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1984-ல எறக்குனது. நீட்டு பானெட், அகல முகம், பின் சக்கர டிரைவ், அதனால பாக்க அந்தச் சாயல். ஆனா மொதல்ல வச்ச இன்ஜின் அம்பாசடரோட அதே 1.5 லிட்டரு, அம்மாம் பெரிய உடம்பை அது எங்கிட்டு இழுக்கும்? பொறவு இசுஸு 1.8 பெட்ரோல் இன்ஜினும் அஞ்சு கியரும் வந்ததும்தான் வண்டிக்கு உசிரு வந்துச்சு. வாங்குறதா இருந்தா அதைத் தேடுங்க. அதே இசுஸு இன்ஜின் பின்னால அம்பாசடர்லயும் வந்ததுனால இன்ஜின் சாமானுக்கு ரொம்ப அலைய வேண்டாம். 2002-ல கான்டெஸாவை நிப்பாட்டிட்டாங்க, அதனால அலைய வேண்டியது முன்கண்ணாடி, டெயில் லைட், குரோம் பம்பர், கதவு ரப்பருக்குத்தான். இதுல ஏதாச்சும் ஒடைஞ்சு கெடக்குற வண்டியப் பாத்தா, இன்ஜின் எவ்வளவு நல்லா ஓடினாலும் ஆயிரம் தடவை யோசிங்க. இன்ஜினை எந்த லேத்துலயும் போர் அடிச்சிரலாம், கண்ணாடிய யாரு வார்த்துத் தருவா?

எங்க ஓடுன வண்டின்னு கேக்கணும், ஆர்சி புக்ல மொதல் அட்ரஸ் என்னன்னு பாருங்க. தூத்துக்குடி உப்பளம், உவரி, கூடங்குளம் பக்கம் வெயில்லயும் கடக்காத்துலயும் நின்ன வண்டின்னா ஸ்டெப்னி வைக்கிற குழியையும் கதவுக்கு கீழ இருக்க பெட்டித் தகரத்தையும் ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால தட்டிப் பாருங்க, டங்குன்னு கேக்கணும், பொத்துனு கேட்டா உள்ள காலி. சரி பண்ணித் தாரேன்னு டிங்கர் சொன்னா எப்படின்னு கேளுங்க. துருவுக்கு மேலயே தகரத்தை வச்சு கேஸ் வெல்டிங் அடிச்சு பட்டி பூசி விட்டா ஒரு ஐப்பசி மழை தாங்காது, பெரிய சூட்டுல தகரமும் நெளிஞ்சு அலையலையா நிக்கும். கெட்ட எடத்தை நல்ல தகரம் வார வரைக்கும் வெட்டி எடுத்துட்டு, அளவுக்கு வெட்டுன துண்டை வச்சு, சிஓடூ வெல்டிங்ல புள்ளி புள்ளியா, ஒரு எடத்துல அடிச்சா அடுத்த புள்ளிய தள்ளி அடிச்சு, சூடு ஆற விட்டு செய்யணும். உள்பக்கம் பிரைமர் அடிக்காம மூட விட்ராதீங்க, வெளிய தெரியாதுல்லான்னு அங்கதான் ஏய்ப்பாங்க. அதுக்குப் பக்கத்துல நின்னு பாக்கணும், மினக்கெடணும், இதுல சுருக்கு வழி கிடையாது.

வி8 ஏத்துறதைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி ஆர்சி-யில இருக்கதுக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, இன்ஜின் மாத்தணும்னா ஆர்டிஓ அனுமதி வேணும். அனுமதி இல்லாம ஏத்திட்டு நாளைக்கு நாங்குநேரி டோல் பக்கத்துல ஒரு இடி இடிச்சா இன்சூரன்ஸ்காரன் கையை விரிச்சிருவான். அந்த பிரேக்கும் கியர்பாக்ஸும் பின் ஆக்ஸிலும் அந்த இழுப்புக்கு செஞ்சதும் இல்ல. கான்டெஸாவை கான்டெஸாவாவே வச்சிருங்க, நல்லா இருக்கும்.

கேள்வி: இந்த எத்தனால் பெட்ரோல் பழைய கார்ப்ரேட்டர் வண்டிய கெடுக்குமா? எங்கிட்ட 1972 மாடல் வண்டி ஒண்ணு இருக்கு, குத்தாலம் சீசன் முடிஞ்சு எடுத்தா ஸ்டார்ட்டே ஆவ மாட்டேங்குது. (வாசகர், தென்காசி)

பதில்: கெடுக்கும், ஆனா தடுக்கலாம். இ20-ன்னா நூத்துக்கு இருபது பங்கு எத்தனால், 2023-ல அங்கங்க ஆரம்பிச்சாங்க, இப்ப ஏறக்கொறைய எல்லா பங்க்லயும் அதுதான். எத்தனால் தண்ணிய இழுக்கும். உங்க ஊரு சாரல் நேரத்துல ரெண்டு மாசம் வண்டி சும்மா நின்னா டேங்க்ல காத்துல இருக்க ஈரத்தைக் குடிச்சு, தண்ணியும் எத்தனாலுமா பிரிஞ்சு அடியில தங்கிரும், பெட்ரோல் பைப்பு உறிஞ்சுறதும் அடியிலேருந்துதான். பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்குக் குடுக்குற கார்ப்ரேட்டரோட மூடியக் கழட்டி மிதவை இருக்க கிண்ணத்தைப் பாருங்க, அடியில வெள்ளைப் பொடி மாதிரி பூத்துருக்கும், அதை நகத்தால சொரண்டுனா வரும். அந்தப் பொடிதான் போயி ஜெட்டை, அதாவது பெட்ரோல் வார சின்னத் துவாரத்தை, அடைக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்பு டயாஃப்ரமும் இதுக்கு செஞ்சது இல்ல, ஊதிப் போயி கசியும், சூடான இன்ஜின் மேல சொட்டுனா சோலி முடிஞ்சுது. மொத வேலையா எத்தனால் தாங்குற ஹோஸா மாத்துங்க, வைட்டான்னு ஒரு ரப்பர், அதைக் கேட்டு வாங்குங்க.

எத்தனால்ல ஆக்ஸிஜன் சேந்து இருக்கதால கலவையில பெட்ரோல் கொறைவா ஆயிரும், வண்டி சூடாகும், ஆக்ஸிலேட்டரை மிதிச்சா கார்ப்ரேட்டர் வழியா டப்புன்னு தும்மும். மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெருசாப் போட்டா அடங்கும், எவ்வளவுன்னு பிளக் நெறத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க, வெள்ளையா இருந்தா இன்னும் பத்தலை. நிப்பாட்டி வைக்கப் போறீங்கன்னா டேங்க்கை வடிச்சுட்டு கார்ப்ரேட்டரையும் காலி பண்ணிட்டு நிப்பாட்டுங்க. இன்னொண்ணு, உங்க வண்டி ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செஞ்சது, அதை 2000-த்துலயே நிப்பாட்டியாச்சு. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுக்கு மெத்தை மாதிரி காவல் இருந்தது. ஹெட்டை என்னைக்காவது கழட்டுனா கெட்டியான சீட் அடிச்சிருங்க. அதுக்காக இப்பவே கழட்ட வேண்டாம்.

கேள்வி: பிளைமவுத் ரோட் ரன்னர் காருக்கு கார்ட்டூன் பறவை மாதிரியே ஹாரன் அடிக்குமாமே, நெசமா? (எட்டாம் வகுப்பு மாணவி, திசையன்விளை)

பதில்: நெசம்தான் தாயி. 1968-ல அந்தப் பேரையும் பறவைப் படத்தையும் போட்டுக்கிட கார்ட்டூன் கம்பெனிக்கு 50,000 டாலர் குடுத்தாங்க. ஹாரனும் பீப் பீப்னு அதே மாதிரி தனியாச் செஞ்சது. உள்ள சீட்டு கார்ப்பெட்டு எல்லாம் மட்டமாப் போட்டு வெலையக் கொறைச்சவங்க, ஹாரனுக்கு மட்டும் காசைப் பாக்கலை.

கேள்வி: எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரு சென்னையிலேருந்து பழைய டாட்ஜ் ஒண்ணை ஊருக்குக் கொண்டாரப் போறாரு, 1967 மாடல், வி8. நான் முப்பது வருசமா அம்பாசடர், ஜீப்பு வேலை பாக்கிற மெக்கானிக். என்னால முடியுமா? (பட்டறைக்காரர், வீரவநல்லூர்)

பதில்: உங்களால முடியாம வேற யாரால முடியும் அண்ணே? கம்ப்யூட்டரு, சென்சாரு ஒண்ணு கிடையாது. ஒரே கேம்ஷாஃப்ட், புஷ் ராடு, ராக்கர், சி.பி. பாயிண்ட், டெல்கோ, அதான் பிளக்குகளுக்கு கரண்டைப் பிரிச்சு விடுற டிஸ்ட்ரிபியூட்டர். நாலுக்கு ரெண்டு மடங்கு சிலிண்டரு, அம்புட்டுதான். ஸ்பேனருக்கும் கவலை இல்ல, பழைய அம்பாசடருக்கு வச்சிருக்கீங்கல்லா அரை இஞ்சு, 9/16, 7/16 செட்டு, அதேதான் இதுக்கும், இப்பத்த பசங்ககிட்ட இருக்க மில்லிமீட்டர் செட்டுதான் சேராது. ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டருங்க பத்துற வரிசை, அந்த டாட்ஜுக்கு 1-8-4-3-6-5-7-2. செவர்லே, பாண்டியாக் வி8-க்கும் இதே வரிசைதான். ஆனா டெல்கோ சுத்துற திசை இன்ஜினுக்கு இன்ஜின் மாறும், செவர்லே வலமாச் சுத்தும், பாண்டியாக் இடமாச் சுத்தும். அதனால ஒயரைப் புடுங்குறதுக்கு முன்னால செல்போன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு, மூடியக் கழட்டி இன்ஜினை கையால சுத்தி ரோட்டார் எங்கிட்டுப் போவுதுன்னு கண்ணால பாத்துக்கிடுங்க.

முக்கியமா ஒண்ணு. அந்தக் காலத்து டாட்ஜ், பிளைமவுத்ல இடதுபக்க ரெண்டு வீலுக்கும் நட்டு தலைகீழ் மரை. நம்ம ஆளுங்க நட்டு வரலைன்னா வீல் ஸ்பேனர்ல நாலடி பைப்பை மாட்டி மேல ஏறி நிப்பாங்க, அது இறுகி இறுகி ஸ்டட்டே முறிஞ்சு கையோட வந்துரும், அந்த ஸ்டட்டுக்கு அமெரிக்காவுக்குத்தான் எழுதணும். ஸ்டட்டு தலையில எல்-னு குத்தியிருக்கான்னு கம்பி பிரஷ் போட்டுத் தேச்சுப் பாருங்க, இருந்தா வலதுபக்கமாத் திருப்பிக் கழட்டுங்க. யாராச்சும் நடுவுல டிரம்மை மாத்தியிருந்தா ஒரு வீலு நேரா ஒரு வீலு தலைகீழா கூட இருக்கும், அதனால ஒவ்வொரு வீலையும் தனித்தனியாப் பாருங்க. கழட்டின கையோட எது எந்தப் பக்கம்னு டிரம்லயே சுண்ணாம்புல எழுதிருங்க, பஞ்சர் கடைப் பையன் உங்களைக் கேட்டுட்டா கைய வைப்பான்?